வசப்படுத்தும் கணினி

கணினியைக் கொண்டு மனிதரின் பழக்கங்களை மாற்றலாம் என்ற எண்ணத்தை ஓர் ஆய்வுத்துறையாக வளர்த்தவர், அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பி. ஜே. ஃபொக். 1998இல் அங்கு இதற்கென ஓர் ஆய்வுகூடத்தை நிறுவினார். புகைப்பதைக் கைவிடச் செய்வது போன்ற நற்பயன்களே அப்போது பேசப்பட்டன. 2003இல் வெளியான தமது நூலில் அறநெறிக்கென ஓர் அத்தியாயத்தையே அவர் ஒதுக்கியிருந்தார். அதை எத்தனை பேர் படித்தனரோ! 2007இல் அவரது வகுப்பு மாணவர்கள் முகநூலுக்கென உருவாக்கிய செயலிகள் பத்தே வாரங்களில் ஒரு கோடிக்கும் அதிகமானோரைச் சென்றடைந்தன.

அதற்கு முந்திய ஆண்டில் அசா ரஸ்கின் என்ற வடிவமைப்பாளர், இழுக்க இழுக்க முடிவின்றி நீளும் பக்கத்தை உருவாக்கியிருந்தார். அடுத்த பக்கத்துக்குச் செல்லும் சொடுக்கை மிச்சப்படுத்துவதே நோக்கம். ஆனால் 'போதும்' என எழுந்துவிடும் வாய்ப்பு அந்தச் சொடுக்கில்தான் இருந்தது. நாங்கள் அச்சிட்ட நாளிதழுக்காவது கடைசிப் பக்கம் உண்டு. ரஸ்கின் பின்னாளில் இதற்காகப் பகிரங்கமாக வருந்தினார்.