தட்டும் குவளையும்: ஒரு மலைநாட்டுக் கதை

கண்டியிலிருந்து கம்பளைக்குச் செல்லும் வீதியில், பேராதனைக்கு அப்பால் சில கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது கெலிஓயா. மகாவலி கங்கையை ஒட்டிய சிறு நகரம். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர், அங்கு நடந்த தேவாலய வாலிபர் முகாம் ஒன்றில் உரையாற்ற என்னை அழைத்திருந்தார்கள். 'படைப்பைப் பேணுதல்' என்பது தலைப்பு. காலையில் மரக்கன்றுகள் நட்டார்கள். நண்பகலில் சோற்றுப் பார்சல்கள் வந்தன. உண்டு முடிந்தபோது மூலையில் பொலித்தீன் தாள்கள் இடுப்பளவு உயரத்திற்குக் குவிந்து கிடந்தன. அந்த இளைஞர்களைக் குறைகூற நான் விரும்பவில்லை. எழுதிக் கொண்டுபோன உரையை மடித்து வைத்துவிட்டு, அந்த மலைகளின் வரலாற்றைச் சொன்னேன்.

கண்டியைச் சூழ்ந்த இம்மலைகள் பலவும் ஒரு காலத்தில் அடர்ந்த காடுகள். 1820களில் கம்பளைக்கு அண்மையிலுள்ள சிங்ஹபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் அமைத்தார். உரித்துக்கு ஆதாரம் காட்ட முடியாத காட்டு நிலத்தை முடிக்குச் சொந்தமாகக் கொள்ள 1840ஆம் ஆண்டின் சட்டம் வழிசெய்தது. அந்நிலம் தோட்டத்துரைமாருக்கு விற்கப்பட்டது. காடு வெட்டி எரிக்கப்பட்டது. வெட்டவும் நடவும் தமிழகத்திலிருந்து எம்மவர் வந்தனர்.

அவர்களைத் தேடிச் சபையும் வந்தது. 1854இல் கண்டிப் பகுதியில் 'தமிழ்க் கூலி மிஷன்' என்ற பெயரிலேயே ஓர் ஊழியம் தொடங்கப்பட்டது. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசிமார் தோட்டந்தோறும் நடந்து போதித்தனர். அதற்குத் துரைமாரும் பணம் கொடுத்தனர். அப்பணம் கோப்பியிலிருந்து வந்தது; கோப்பியோ காடழிந்த நிலத்தில் விளைந்தது. 1869இல் கோப்பியை இலைநோய் பற்றியது. பின்னர் அம்மலைகளில் தேயிலை பரவியது. காடு மீளவில்லை. உபதேசிமாரின் தொண்டைக் குறைத்து மதிப்பிட நான் இதைச் சொல்லவில்லை. இம்மண்ணுக்குச் சபை பட்டிருக்கும் கடன் பழையது என்பதற்காகவே சொல்கிறேன்.

கடனைத் தீர்க்கும் வழியும் பழையதுதான். என் இளமைக்கால முகாம்களில் ஒவ்வொருவரும் தட்டும் குவளையும் கொண்டு செல்வோம். பெரிய பானையில் சோறு பொங்கும். விசேட நாளென்றால் வாழையிலை. தோரணம் தென்னங்குருத்தில். எஞ்சியது மாட்டுக்குப் போகும். சுற்றுச்சூழல் என்ற சொல்லை அன்று எவரும் உச்சரித்ததாக எனக்கு நினைவில்லை.

பிற்காலத்தில் அச்சொல் சபைகளின் ஆவணங்களில் இடம்பெற்றது. 1990இல் அங்கிலிக்கன் ஆலோசனைச் சபை, படைப்பைப் பாதுகாப்பதைத் திருச்சபைப் பணியின் ஐந்தாவது அடையாளமாகச் சேர்த்தது. 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் இதைப் பற்றியே தனிச் சுற்றுமடல் எழுதினார். நமது நாட்டிலோ, கண்திறக்க ஒரு பேரழிவு வேண்டியிருந்தது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 32 பேர் மாண்டனர். அவ்வாண்டு செப்டெம்பரில் பொலித்தீன் சோற்றுத் தாளும் ரெஜிபோம் உணவுப்பெட்டியும் தடைசெய்யப்பட்டன. சமய விழாக்களில் பொலித்தீன் அலங்காரமும் அத்தடைக்குள் அடங்கியது. 2023 ஒக்டோபரில் ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக் தட்டு, கோப்பை, கரண்டி ஆகியவற்றின் மீதும் தடை வந்தது.

ஆனால் வர்த்தமானி மட்டும் பழக்கத்தை மாற்றிவிடுவதில்லை. கண்டியின் குப்பை மகாவலிக் கரையிலுள்ள கொஹாகொடையில்தான் மலையாகக் குவிந்தது. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயலின்போது மகாவலி கரையை மீறியது, மலைகள் சரிந்தன, நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்வெள்ளத்துக்குச் சோற்றுத் தாள் காரணமன்று. ஆயினும் காடிழந்த சரிவு மழைநீரைத் தாங்குவதில்லை என்பதையும், அடைபட்ட வடிகான் அதை வழிவிடுவதில்லை என்பதையும் ஆற்றங்கரையில் கூடும் இளைஞர்களுக்கு யாராவது சொல்லத்தான் வேண்டும்.

முகாம் நடத்துவோருக்கு என் யோசனைகள் எளியவை. போத்தலுக்குப் பதில் கொதித்தாறிய நீர்ப்பானை வையுங்கள். தனித்தனி வாகனங்களை விடுத்து ரயிலில் கூடி வாருங்கள். கெலிஓயாவில் ரயில் நிலையமும் உண்டு. நூறு கன்றுகளை நட்டுப் படமெடுப்பதிலும், பத்துக் கன்றுகளை நட்டு மூன்று ஆண்டுகள் பேணுவது மேல்.

அண்மையில் ஒரு வாலிபர் ஐக்கியத்திலிருந்து எனக்கு மீண்டும் அழைப்பு வந்தது. தலைப்பு எதுவும் குறிப்பிடப்படவில்லை. அடியில் ஒரு வரி இருந்தது: 'தட்டும் குவளையும் கொண்டு வரவும்.' வருவதாகப் பதில் எழுதியிருக்கிறேன்.