மானம், ஆத்திரம், கைமோசக் கொலை – 1883ஆம் ஆண்டுச் சட்டம் விட்டுச்சென்ற ஒரு கேள்வி

வன்னிப் பெருநிலப்பரப்பில் ஆட்சிகள் மாறியதைப் போலவே சட்டங்களும் மாறின. 1994இல் விடுதலைப் புலிகள் தமக்கெனத் தண்டனைச் சட்டக்கோவை ஒன்றை வகுத்து, கிளிநொச்சியை மையமாகக் கொண்டு நீதிமன்றங்களையும் நடத்தினர். 2009 சனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி வீழ்ந்தது. மே மாதத்தில் முல்லைத்தீவுக் கரையில் போர் முடிந்தது. அதன்பின் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய மூன்று மாவட்டங்களிலும் முழுமையாகத் திரும்பி வந்தது, பிரித்தானியர் 1883இல் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவையே. அதனுள் பொதிந்து கிடக்கும் ஒரு கேள்வியை நம்மவர் அதிகம் பேசியதில்லை. ஓர் ஆண் இன்னோர் ஆணிடம் விருப்பமற்ற பாலியல் நாட்டம் காட்டினால், அதைக் காரணங்காட்டி அவனைக் கொன்றவனுக்குச் சட்டம் சலுகை வழங்கலாமா?

முதலில் இச்சட்டம் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்ப்போம். மெக்காலே 1837இல் வரைந்து, 1860இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டமே இலங்கைக் கோவையின் மூலமாகும். வடமாகாணத் தமிழருக்குரிய தேசவழமை முதுசம், சீதனம், தேடியதேட்டம், ஒற்றி ஆகியவற்றையே பேசுகிறது. ஆணோடு ஆண் கூடுவது ‘இயற்கைக்கு மாறான’ குற்றம் என்ற 365ஆம் பிரிவு வெள்ளையரின் கப்பலில் வந்ததேயன்றி, நமது வழமையிலிருந்து எழுந்ததன்று. 1995இல் செய்யப்பட்ட திருத்தம் 365அ பிரிவை இருபாலாருக்கும் விரித்தது.

அதே கோவையின் இரு இடங்கள் நமது கேள்வியைத் தொடுகின்றன. ஒன்று, 294ஆம் பிரிவின் முதலாம் விதிவிலக்கு. பாரதூரமானதும் திடீரென நேர்ந்ததுமான ஆத்திரமூட்டலால் தன்னடக்கம் இழந்து ஒருவன் கொன்றால், அது கொலையாகாது; நமது பத்திரிகைகள் ‘கைமோசக் கொலை’ என எழுதும் குற்றமாகக் குறையும். மற்றொன்று, தற்காப்பு உரிமை பற்றிய 93ஆம் பிரிவு. தாக்குபவனைக் கொல்லும் அளவுக்கு அவ்வுரிமை விரியும் சந்தர்ப்பங்களில், பாலியல் வல்லுறவு நோக்கிலான தாக்குதலோடு, ‘இயற்கைக்கு மாறான இச்சை’யைத் தீர்க்கும் நோக்கிலான தாக்குதலும் அடங்கும்.

இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது. 93ஆம் பிரிவு பேசுவது தாக்குதலை. பலவந்தமாகப் பிடிக்கப்பட்டவன் ஆணாயினும் பெண்ணாயினும் எதிர்த்துப் போராடும் உரிமை உடையவனே. போரின் நினைவு அழியாத வன்னியில் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். தடுப்புக் காவலில் ஆண்களும் பாலியல் வதைக்கு உள்ளாயினர் என்பதை 2015 செப்டெம்பரில் வெளியான ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகத்தின் விசாரணை அறிக்கை பதிவு செய்துள்ளது. அத்தகையோரின் உரிமையில் ஓர் அணுவும் குறையக்கூடாது. ஆனால் ஒரு சொல், ஓர் அழைப்பு, தோளில் வைத்த கை ஆகியவை தாக்குதலின் நிலையை எட்டாதவை. அவற்றுக்கு உயிரை விலையாகக் கேட்கலாமா என்பதே இங்கு கேள்வி.

கேட்கலாம் என்போரின் வாதத்தைப் புறந்தள்ளிவிட முடியாது. சட்டம் கொன்றவனின் செயலை மெச்சவில்லை. மனிதப் பலவீனத்துக்கு இரங்குகிறது, அவ்வளவே என்பர். மானம் பெரிதெனக் கொள்ளும் சமூகத்தில் இத்தகைய நாட்டம் தாங்கவொண்ணா அவமானம் என்றும் கூறுவர். இந்திய உச்ச நீதிமன்றம் நானாவதி வழக்கில் 1961இல், எதிரி சார்ந்த சமூகப் பிரிவின் நியாயமான மனிதனையே அளவுகோலாகக் கொள்ளுமாறு கூறியது. அந்த அளவுகோல் இவ்வாதத்துக்கு இடந்தருவதுபோலத் தோன்றும்.

ஆனால் இலங்கையிலிருந்து சென்ற ஒரு மேன்முறையீடு வேறு வெளிச்சம் தருகிறது. சட்டமா அதிபர் எதிர் பெரேரா என 1953ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் இடம்பெற்ற அவ்வழக்கில், ‘பாரதூரமான’, ‘திடீர்’ என்பவை ஒப்பீட்டுச் சொற்கள் என்றும், ஆத்திரமூட்டலின் தன்மையைப் பதிலடியின் தன்மையோடு ஒப்பிட்டே அவற்றைப் பெருமளவுக்குத் தீர்மானிக்க வேண்டும் என்றும் கோமறைக் கழகம் கூறியது. தட்டிவிடக்கூடிய ஒரு கையையும் கத்திக் குத்தையும் எந்தத் தராசில் வைத்தால் சமனாகும்?

இவ்வாதம் நேருக்கு நேர் மோதிய இடம் அவுஸ்திரேலியா. நியூ சவுத் வேல்ஸில் தன்னைத் தொட்ட நண்பரைக் கொன்ற ஒருவரின் வழக்கில், 1997இல் அந்நாட்டு உயர் நீதிமன்றின் ஐந்து நீதியரசரில் மூவர் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டனர். எதிரியின் குடும்பப் பின்னணி பற்றிய சாட்சியத்தை யூரிமார் கருத்திற்கொள்ள விசாரணை நீதிபதி உரியவாறு வழிகாட்டவில்லை என்பது அவர்களின் காரணம். மாறுபட்ட நீதியரசர் மைக்கேல் கெர்பி, ஆணின் விருப்பமற்ற நாட்டத்துக்கு ஆளாகும் பெண்கள் எல்லோரும் இவ்வாறு பதிலளித்தால் சட்டத்தின் கதி என்னவாகும் என்ற பொருள்பட வினவினார். இவ்வினா நமக்கும் உரியது. பேருந்திலும் சந்தையிலும் வயல் வரம்பிலும் நமது பெண்கள் காலங்காலமாகச் சகித்த தொடுகைகளுக்கு, எந்த நீதிமன்றும் அவர்கள் கையில் கத்தியைக் கொடுத்ததில்லை.

அதன்பின் உலகம் நகர்ந்தது. நியூசிலாந்து 2009இல் ஆத்திரமூட்டல் வாதத்தையே நீக்கியது. வன்முறையற்ற பாலியல் நாட்டம் மட்டும் ஆத்திரமூட்டலாகாது என நியூ சவுத் வேல்ஸ் 2014இல் எழுதிவைத்தது. அதே ஆண்டு கலிபோர்னியாவும், 2020இல் தென் அவுஸ்திரேலியாவும் இத்தகைய வாதத்துக்குக் கதவடைத்தன. வன்னியிலிருந்து புலம்பெயர்ந்த பலர் வாழும் மண்ணின் சட்டமும் இப்போது இதுவே.

இலங்கையில் நிலைமை அரைகுறையானது. வயதுவந்தோரின் சம்மதத்துடனான உறவைக் காவல் செய்வது அரசின் வேலையன்று என்பதே சமகாலச் சிந்தனை என்று 2016இல் உயர் நீதிமன்றம் குறிப்பிட்டது. எனினும் சட்டம் சட்டமே என்பதால் குற்றத்தீர்ப்பு நின்றது. 365, 365அ பிரிவுகளைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மேயில் அதே மன்று தீர்மானித்தது. ஆயினும் அம்மூலம் சட்டமாகவில்லை. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுப் புதிய சட்டம் 377ஆம் பிரிவை விடுத்தது. தற்காப்புப் பிரிவிலோ ‘இயற்கைக்கு மாறான இச்சை’ என்ற பழைய சொல்லை அப்படியே வைத்துக்கொண்டது.

இச்சொல்லால் நேரும் கேடு இருபுறமும் உண்டு. கொன்றவனுக்கு அது ஒரு சாக்கு. தன்னினச்சேர்க்கையே குற்றமாக இருக்கும்வரை, பலவந்தத்துக்கு உள்ளான ஆணும் முறைப்பாடு செய்ய அஞ்சுவான். தானும் குற்றவாளியாகக் கருதப்படுவேனோ என்பதே அவனது அச்சம். இலங்கையில் வல்லுறவுச் சட்டம் பெண்ணை மட்டுமே பாதிக்கப்பட்டவராகக் கொள்வதால், ஆணுக்கு எஞ்சுவது பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் பற்றிய 365ஆ பிரிவே.

ஆகவே செய்யவேண்டியவை இரண்டு. 93ஆம் பிரிவில் ‘இயற்கைக்கு மாறான’ என்பதை அகற்றி, எவர் மீதான எந்தப் பாலியல் பலவந்தமும் தற்காப்புக்குரியது என எழுதவேண்டும். முதலாம் விதிவிலக்கில், வன்முறையற்ற நாட்டம் மட்டும் ஆத்திரமூட்டலாகாது என ஒரு விளக்கம் சேர்க்கவேண்டும். வேண்டாம் என்று சொல்லி விலகிச் செல்லும் உரிமை எவருக்கும் உண்டு. அதற்கு மேற்பட்ட உரிமையைச் சட்டம் வழங்கினால், இறந்தவனின் பக்கத்தைச் சொல்ல வழக்கில் எவரும் இருக்கமாட்டார். நடந்தது என்ன என்பதற்குக் கொன்றவன் மட்டுமே சாட்சியாக நிற்பான்.