பாட்டன் வேடன், பேரன் மாணவன்

வேட்டையை வீரம் என்று போற்றியதும் இந்நாடுதான். இழிவு என்று தூற்றியதும் இந்நாடுதான். துரைமார்களும் ஜமீன்தார்களும் செத்த புலியின்மீது காலூன்றிப் படம் எடுத்துக்கொண்டனர், அது வீரமாம்! பசித்த வயிற்றுக்காக வயலில் எலியும் ஏரியில் மீனும் பிடித்தனர் இருளர், அது இழிதொழிலாம்! கண்ணைப் பெயர்த்துக் கொடுத்த கண்ணப்பனைக் கோயிலிலே கும்பிட்டவர்கள், தெருவிலே வேடனைக் கண்டு ஒதுங்கினர். இழிவு தொழிலிலா இருந்தது? தொழில் செய்தவனின் பிறப்பின்மேல் சுமத்தப்பட்டது!

வட தமிழகத்து இருளர் குடும்பத்தில் வேட்டை பொழுதுபோக்கன்று, அதுவே பள்ளிக்கூடம். எலிவளைக்குள் புகையூட்டுவது, அங்கே எலி சேர்த்த நெல்லைத் தோண்டி எடுப்பது, தடம் பார்த்துப் பாம்பின் வகை கூறுவது, இவையெல்லாம் தாயும் தந்தையும் பிள்ளைக்குத் தந்த கல்வி.

1882இல் சென்னை மாகாண வனச்சட்டம் வந்தது. காப்புக்காட்டில் வேட்டையும் மீன்பிடிப்பும் அரசின் விதிக்குள் அடங்கின. பாட்டன் உரிமையோடு நுழைந்த காட்டில் மகன் ஒளிந்து நுழைய நேர்ந்தது. பிறகு பாம்புத்தோலுக்குச் சந்தை பிறந்தது. தோலின் விலையை அணைக்கட்டிலும் ஆம்பூரிலும் வாழும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தத் தோல் சீமாட்டிகளின் கைப்பையாயிற்று. உயிரைப் பணயம் வைத்துப் பிடித்தவனுக்கோ கூலிதான் கிட்டியது.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. காட்டுயிரைக் காப்பது கடமையே, மறுக்கவில்லை. ஆனால், நேற்றுவரை தொழிலாயிருந்தது இன்று குற்றமானால் அடுப்பெரிவது எவ்வாறு? விடை 1978இல் கிடைத்தது. இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. வடநெம்மேலியில் அவர்கள் பாம்பைக் கொல்வதில்லை. நஞ்சை எடுத்தபின் காட்டிலே விட்டுவிடுகின்றனர். அந்த நஞ்சே பாம்புக்கடி மருந்தாகி உழவன் உயிரைக் காக்கிறது. 2017இல் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்க அழைக்கப்பட்டனர். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

உலகம் மதித்த அறிவு இது! இருந்தும், இருளர் வீட்டுப் பிள்ளை வகுப்பிலே பாட்டனின் தொழிலைச் சொல்லக் கூசுவானேன்? கூச்சம் அவனுடன் பிறந்ததன்று, சாதி கற்பித்தது.

அதற்காக, பாட்டன் தொழிலையே பேரனும் செய்க என்று நாம் கூறோம். 1953இல் குலக்கல்வித் திட்டம் வந்தபோது எதிர்த்து நின்ற இயக்கமல்லவா நமது! பாம்பு பிடிப்பதோ மருத்துவம் படிப்பதோ, தேர்வு அவனுடையது. காட்டைவிட்டு வருகிறவன் தலைநிமிர்ந்து வரட்டும். பாட்டனை மறைத்துக்கொண்டு வரவேண்டாம்.

தோழர்களே! மேடையில் முழங்கினால் மட்டும் போதாது. சாதிச் சான்றிதழுக்காக அலையும் இருளர் குடும்பம் உங்கள் ஊரிலும் இருக்கும். அவர்களோடு அலுவலகப் படியேறுங்கள். அந்தத் தாள் கைக்கு வந்தால்தான் பேரனுக்குக் கல்லூரிக் கதவு திறக்கும்.