சுவீடன் நாட்டு வண்டியும் நம் பட்டறை அறிவும்

வரலாறு என்றவுடன் அரசரையும் போரையும் உடன்படிக்கைகளையுமே நம் மாணவர் எண்ணுகின்றனர். அவர்தம் வீட்டு முற்றத்தில் நிற்கும் பொருளுக்கும் வரலாறு உண்டு என்பதை நாம் எடுத்துக்காட்டுவது அரிது. அம்மி, மிதிவண்டி, பால்மரம் சீவும் கத்தி என ஒவ்வொன்றும் ஒரு காலத்தின் உழைப்பையும் வாணிகத்தையும் தன்னுள் அடக்கி நிற்கின்றது. அவ்வகையில், பேராக் மாநிலச் சாலைகளில் இன்று அருகியே காணப்படும் ஒரு பொருளை ஈண்டு எடுத்துக்கொள்வோம். வோல்வோ என்னும் சுவீடன் நாட்டுப் பழைய நான்கு கதவுக் காரே அது. காட்சிக்கு நிறுத்தும் பொருளாக அன்றி, அன்றாடம் ஓட்டும் வண்டியாக அதனை வாங்கி வைத்திருத்தல் தகுமா என்பதே நம் வினா.

வோல்வோ என்பது இலத்தீன் மொழிச் சொல். ‘நான் உருள்கிறேன்’ என்பது அதன் பொருள். தன்மை ஒருமை வினைமுற்று ஒன்று அப்படியே ஒரு பொருளுக்குப் பெயராகி நிற்பது தமிழாசிரியர்க்குச் சுவை தரும் செய்தியாகும். கோதன்பர்க் நகரில் உருள்தாங்கிகள் செய்துவந்த எஸ்.கே.எஃப். நிறுவனம் தன் பொருளுக்கென முதலில் இப்பெயரைப் பதிவு செய்தது. பின்னர் அசார் கேபிரியெல்சன், குஸ்தாவ் லார்சன் ஆகிய இருவரும் அந்நிறுவனத்தின் துணையோடு கார் செய்ய முற்பட்டனர். 1927ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் அவர்களின் முதல் வண்டி ஆலையை விட்டு வெளிவந்தது. பனியும் கரடுமுரடான சரளைச் சாலையும் மிகுந்த நாடு அது. அங்கு ஓடவேண்டிய வண்டிக்கு அழகினும் உறுதியே முதற்கண் வேண்டப்பட்டது.

அவ்வுறுதியின் விளைவே 1966ஆம் ஆண்டு ஆகஸ்டில் அறிமுகமான 144 என்னும் வண்டி. இவ்வெண்ணை இடுகுறி என்று எண்ணிவிடலாகாது. இது காரணப் பெயரே. முதல் எண் வரிசையைக் குறிக்கும். இரண்டாம் எண் எஞ்சினின் உருளைகளைக் குறிக்கும். மூன்றாம் எண் கதவுகளைக் குறிக்கும். ஆகவே 142 என்றால் இரண்டு கதவு; 164 என்றால் ஆறு உருளை. 1974இல் இவ்வரிசை 240 வரிசைக்கு வழிவிட்டது. முன்புறம் மாறினும் நடுவுடல் பெரும்பாலும் பழையதே. 240 வரிசை 1993 வரை வெளிவந்தது. அவ்வரிசையில் 28 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன.

உயிர்காப்பில் இந்நிறுவனம் செய்த தொண்டு தனியே குறிக்கத்தக்கது. 1959இல் நீல்ஸ் போலின் என்னும் பொறியாளர் தோளையும் இடுப்பையும் ஒருசேரப் பிணிக்கும் மும்முனை இருக்கை வாரை உருவாக்கினார். அதன் காப்புரிமையை நிறுவனம் தனக்கே உரியதெனப் பூட்டி வைக்காது, பிற நிறுவனங்களும் பயன்படுத்த விட்டுக்கொடுத்தது. மலேசியாவில் முன்னிருக்கையில் வார் அணிதல் 1979இலும் பின்னிருக்கையில் 2009இலும் கட்டாயமாயிற்று. 144இன் பிரேக் அமைப்பும் அத்தகையதே. நான்கு சக்கரங்களிலும் தட்டு பிரேக். அவற்றை இயக்க இரண்டு தனித்தனி எண்ணெய் வழிகள். ஒவ்வொரு வழியும் முன் சக்கரம் இரண்டையும் பின் சக்கரம் ஒன்றையும் பற்றும். ஒரு வழி பழுதுற்றாலும் மூன்று சக்கரங்களில் பிரேக் எஞ்சி நிற்கும்.

இவ்வண்டி நம் நாட்டிற்கு வந்த வரலாறு இன்னும் சிறப்புடையது. சிங்கப்பூரின் புக்கிட் தீமாவில் 1941இல் ஃபோர்ட் நிறுவனத்தின் கார் பொருத்தும் ஆலை எழுந்தது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்ததும் அவ்வாலைக் கட்டடத்திலேயே. 1965இல் சிங்கப்பூர் பிரிந்தபின், மலேசியா தன் மண்ணிலேயே ஆலைகள் அமைக்கும் முயற்சியை விரைவுபடுத்தியது. முழு வண்டியை இறக்குமதி செய்வதினும், பிரித்த உறுப்புகளாகக் கொணர்ந்து இங்கே பொருத்தினால் உள்நாட்டார்க்கு வேலையும் தொழிலறிவும் கிட்டும் என்பது அதன் நோக்கம். அவ்வழியில், மலேசியாவின் முதல் கார் பொருத்தும் ஆலையாக 1967இல் ஷா ஆலாமில் பணி தொடங்கியது ‘சுவீடிஷ் மோட்டார் அசெம்பிளீஸ்’. நம் மாணவர் பலர் நாட்டின் கார்த்தொழில் 1985இல் வந்த புரோட்டோன் சாகாவோடு பிறந்தது என்றே கருதுகின்றனர். அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்னரே மலேசியக் கைகள் 144 வண்டிகளைப் பொருத்திக்கொண்டிருந்தன என்பதை அவர்க்கு நாம் உரைத்தல் வேண்டும்.

அதே 1967இல் மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. அதுகாறும் சாலையின் இடப்புறம் ஓட்டிவந்த சுவீடன் மக்கள், செப்டம்பர் 3ஆம் நாள் விடியற்காலையில் நாடு முழுதும் ஒரே நேரத்தில் வலப்புறத்திற்கு மாறினர். தாயகம் வலப்புறம் மாறிய ஆண்டிலேயே, இடப்புறம் ஓடும் நம் சாலைக்கென வலக்கைச் சுக்கானுடன் அவ்வண்டிகள் இங்கே உருவாகத் தொடங்கின.

1970, 1980களில் வோல்வோ என்பது நம் நாட்டில் மதிப்பின் அடையாளம். அமைச்சரும் உயர் அதிகாரிகளும் மருத்துவரும் வழக்குரைஞரும் அதில் பவனி வந்தனர். தோட்டத்து லயத்தில் வாழ்ந்த நம்மவர்க்கு அது தொலைவில் நின்று நோக்கும் பொருளாகவே இருந்தது. ஆயினும் ஆண்டுகள் கடக்கக் கடக்க விலை சரிந்தது. துரைமாரின் வண்டி கடைக்காரரிடமும் குத்தகைக்காரரிடமும் ஆசிரியரிடமும் வந்து சேர்ந்தது. அதே காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. எஞ்சியவற்றுட் பல எண்ணெய்ப்பனைக்கு மாறின. தோட்டத்தை விட்டு வெளியேறிய தமிழ் இளைஞருட் சிலர் சித்தியவானிலும் ஈப்போவிலும் பட்டறைகளில் எடுபிடிகளாகச் சேர்ந்து, கண்ணாலும் காதாலும் தொழில் கற்றனர். பெரியோரின் வண்டியைப் பிரித்து மாட்டிய அக்கைகளே அதனை எளியோர்க்கும் உரியதாக்கின.

இனி வாங்குவோர்க்குச் சில சொல்வோம். ஆயர் தாவார் என்னும் மலாய்ப் பெயருக்கு உப்பில்லாத நன்னீர் என்பது பொருள். பெயர் அதுவாயினும் லூமுட் கடற்கரை தொலைவில் இல்லை, மழைக்கும் குறைவில்லை. ஆகவே பழைய வண்டியின் முதற்பகை துருவே. மேற்பூச்சின் பளபளப்பில் மயங்காது, கால்மிதியைத் தூக்கி அடித்தகட்டைப் பார்க்க வேண்டும். முன்கண்ணாடியின் அடிவிளிம்பு, கதவின் கீழ்ச்சட்டம், மாற்றுச் சக்கரம் வைக்கும் குழி ஆகியவற்றையும் தட்டிப் பார்க்க வேண்டும். எஞ்சினைச் செப்பனிடுதல் எளிது. இற்றுப்போன உடலைச் செப்பனிடுதலே பெருஞ்செலவு. 140 வரிசை எஞ்சினில் முன்புறம் கடகடவென ஒலி எழுந்தால், நார்ப்பொருளாலான பற்சக்கரம் தேய்ந்திருக்கக்கூடும். 1980களின் முற்பாதியில் வந்த 240 வண்டிகளில் எஞ்சினை ஒட்டிய மின்கம்பிகளின் மேலுறை வெப்பத்தால் உதிர்வதுண்டு. குளிர்நாட்டார் வெப்பமூட்டும் கருவியை மிகச் சிறப்பாகச் செய்தனர். நமக்கு அது பயன்படாது. நம் வெயிலில் ரேடியேட்டரும் நீர்க்குழாய்களும் செவ்வனே இருத்தலே இன்றியமையாதது.

சாலை வரியையும் கணக்கிடல் வேண்டும். தீபகற்ப மலேசியாவில் தனியார் காருக்கு எஞ்சினின் கொள்ளளவே அளவுகோல். 1986 கன செண்டிமீட்டர் கொண்ட 144க்கு ஆண்டு வரி 373 ரிங்கிட். 2127 கன செண்டிமீட்டர் கொண்ட 244க்கு 507 ரிங்கிட். இரண்டாயிரத்தைக் கடந்தவுடன் விகிதம் இரட்டிக்கின்றது. எரிபொருளோ, லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் எட்டினாலே நன்று எனல் வேண்டும்.

மறுதலையான வாதத்தையும் மறைக்கலாகாது. அக்காலத்தில் உயிர்காப்பில் முன்னின்ற வண்டி இக்காலத்தில் பின்னிற்கின்றது. காற்றுப்பை, சக்கரப் பூட்டைத் தடுக்கும் பிரேக் ஆகியவை 144இல் இல்லை. குழந்தைகளோடு நெடுஞ்சாலையில் விரைவோர்க்குப் புது வண்டியே பாதுகாப்பானது. நிதானமாக ஓட்டுபவர்க்கும், பழுதின் குறிப்பறிந்து உடனே கவனிப்பவர்க்குமே பழைய வண்டி பொருந்தும். எம் வீட்டிலும் ஒரு 244 உண்டு. பள்ளிக்கும் சந்தைக்கும், போத்தாவில் பேராக் ஆற்றைக் கடந்து ஈப்போவில் நடைபெறும் கூட்டங்களுக்கும் அதிலேயே சென்று வருகிறோம். எண்ணெய் மாற்றிய நாள், ஓடிய தொலைவு, மாற்றிய உறுப்பு, கொடுத்த கூலி அனைத்தும் ஒரு குறிப்பேட்டில் ஏறுகின்றன. அக்குறிப்பேடு இல்லையேல் இவ்வண்டியை வைத்திருத்தல் இயலாது என்பது எம் துணிபு.

இவ்வுண்மைக்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் அறிவியல் ஆசிரியராக இருந்த இர்வ் கார்டன் 1966இல் பி1800 என்னும் வோல்வோ வண்டியை வாங்கினார். 144இன் தொடக்க எஞ்சினும் அவ்வண்டியின் எஞ்சினும் ஒரே குடும்பத்தன. பள்ளிக்குப் போய்வரவே நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓட்டினார். காலந்தவறாது எண்ணெய் மாற்றினார். 2013இல் அவ்வண்டி முப்பது இலட்சம் மைல்களைக் கடந்தது. 2018இல் அவர் மறையும்வரை அது அவருடையதாகவே இருந்தது. அவர் அதனைக் கண்ணாடிப் பேழையில் வைத்துப் போற்றவில்லை, நாள்தோறும் ஓட்டினார். ஓடாது கொட்டகையில் நிற்கும் வண்டியின் இரப்பர்கள் இறுகும், பிரேக் பிடித்துக்கொள்ளும், பெட்ரோல் கெடும். பொருளைக் காப்பதற்கு வழி அதனைப் பயன்படுத்துவதே.

ஆகவே நாம் எழுப்பிய வினாவிற்கு விடை இதுவாகும்: நாள்தோறும் ஓட்டுபவர்க்கும் அருகில் நல்ல பட்டறை உடையவர்க்கும் இவ்வண்டி தகும். அவ்விரண்டனுள் இரண்டாவதே இன்று அருகிவருகின்றது. கார்புரேட்டரின் மூச்சைக் காதால் அறிந்து திருகாணியைத் திருப்பும் கைகள் முதுமை எய்திவிட்டன. அவ்வறிவு நூலில் இல்லை, கையில் இருக்கின்றது. கை ஓய்ந்தால் அதுவும் ஓயும். மதிப்பெண் குறைந்த மாணவனைப் ‘பட்டறைக்குத்தான் போவாய்’ என்று வைகின்ற வழக்கம் நம் வகுப்பறைகளில் இன்னும் உண்டு. நாட்டின் முதற்கார்களைப் பொருத்திய கைகளையும், தோட்டத்திலிருந்து வந்து அவற்றை ஓடவைத்த கைகளையும் அச்சொல் இழிவுபடுத்துகின்றது.

தமிழாசிரியர் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. கட்டுரைப் பாடத்தில் ஒரு முறையேனும், தம் ஊரிலுள்ள முதிய பட்டறைக்காரர் ஒருவரை மாணவர் சந்தித்து, அவர் தொழில் கற்ற விதத்தையும் கையாளும் கருவிகளின் பெயர்களையும் கேட்டு எழுதிவரச் செய்யலாம். அவர் வாய்ச்சொல்லில் வழங்கும் மலாய்ச் சொல்லும் சீனச் சொல்லும் தமிழும் கலந்த பட்டறை மொழி, அம்முறையில் முதன்முதலாக ஏட்டில் ஏறும். மாணவர்க்கு மொழிப்பயிற்சியும் ஊர் வரலாறும் ஒருங்கே கிட்டும். அவர் ஓய்வுபெற்றுப் பட்டறைக் கதவை மூடுமுன் அதனைச் செய்தல் வேண்டும்.