கடற்புல்லும் கடலணையும்: ஒல்லாந்தின் வாடன் கடலில் நிகழ்ந்த ஓர் அழிவு பற்றிய வரலாற்று நோக்கு

ஒரு தாவரத்தின் அழிவை இயற்கையின் தற்செயலாகக் கொள்வதா, சமுதாய வரலாற்றின் ஒரு கூறாகக் கொள்வதா என்பது வெறும் சொற்பிணக்கு அன்று. காரணத்தை எங்கு காண்கிறோம் என்பதே பரிகாரத்தை எங்குத் தேடுவோம் என்பதை நிர்ணயிக்கின்றது. ஒல்லாந்தின் வாடன் கடலில் 1930களில் கடற்புல் அழிந்த வரலாற்றை இந்நோக்கில் ஆராய்வோம்.

சொஸ்தேரா மரீனா எனும் இக்கடற்புல் பாசியன்று. நீருள் மூழ்கி வாழ்ந்து பூத்து வித்திடும் தாவரம். மத்திய காலத்திலேயே ஒல்லாந்தர் இதனை அடுக்கி அமுக்கிக் கடலணைகளுக்குக் காப்பு அமைத்தனர். பிற்காலத்தில் அது மெத்தைத் திணிப்புக்குரிய பண்டமாயிற்று. வீரிங்கன் தீவின் உழைக்கும் மக்கள் ஆழங்குறைந்த நீரில் நின்று அதனை அறுத்து, உலர்த்தி, கட்டுகளாக்கி விற்றனர். புல்வெளி அவர்தம் உற்பத்திக் களமாக விளங்கிற்று.

1930 தொடக்கம் 1933 வரை அத்திலாந்திக் சமுத்திரத்தின் இருகரைகளிலும் இப்புல் இலை கருகி மடிந்தது. ஏறத்தாழ 90 சதவீதம் அழிந்ததாகக் கணிக்கப்படுகின்றது. லபிரிந்துலா எனும் நுண்ணங்கியே நோய்க்காரணி என்பது 1980களிற் பரிசோதனைகளால் உறுதியாயிற்று. உவர்த்தன்மை குறைந்த நீரில் அந்நுண்ணங்கி வலுவிழப்பதால், ஆற்றுமுகங்களை அண்டிய புல் எஞ்சியது. முழு உவர்நீரில் அப்புல்லின் மீதே வாழ்ந்த ஒருவகை நத்தையோ வட அமெரிக்கக் கரையில் முற்றாக அழிந்தொழிந்தது.

இதே வேளையில் ஒல்லாந்தில் வேறொரு நிகழ்வும் இடம்பெற்றது. 1916 ஆம் ஆண்டின் வெள்ளப்பெருக்கை அடுத்து, 1918 இல் சூடர்சே சட்டம் நிறைவேறியது. 32 கிலோமீற்றர் நீளமான அணை 1932 மே 28 இல் கடலை மூடிற்று. அணைக்கு வெளியே வற்றுப்பெருக்கின் வீச்சு உயரும் என்பதைப் பௌதிகவியலாளர் லோரன்ஸ் தலைமையிலான குழு முன்னரே கணித்திருந்தது. மீனவருக்கு நேரும் இழப்பை முன்னுணர்ந்து 1925 இல் உதவிச் சட்டமொன்றும் இயற்றப்பட்டது. புல்லின் கதியோ அவ்வளவு தெளிவாகக் கணக்கிடத்தக்கதாக இருக்கவில்லை. நோயும் அணையும் ஒருங்கே வந்தமையே அதற்குக் காரணமாகும்.

நெருக்கடிக்கு இத்தாவரம் எவ்வாறு முகங்கொடுக்கின்றது என்பதை ஈண்டு நோக்குதல் வேண்டும். நீர் கலங்கி ஒளி குன்றும்போது அது நிலத்தடித் தண்டிற் சேமித்த சர்க்கரையைச் செலவிட்டு உயிர்வாழும். புதிய தளிர்களைக் குறைத்துக்கொள்ளும். ஒளித்தொகுப்பு தளர, வேருக்குச் செல்லும் ஒட்சிசனும் குறையும். சேற்றிலுள்ள நச்சுச் சல்பைட்டு உட்புகும். சேமிப்புத் தீர்ந்த பயிர் நோயை எதிர்க்கும் வலுவற்றதாகும். எனவே நோயும் சூழலும் எதிர்நிலைக் காரணங்களல்ல, ஒன்றையொன்று வலுப்படுத்துவன. 1931, 1932 ஆம் ஆண்டுகளில் ஒல்லாந்திற் சூரிய ஒளி குறைந்திருந்தமையும் இங்கு மனங்கொளத்தக்கது.

நோய் பொய் என்பது எமது வாதமன்று. நோய் மட்டுமே காரணமெனின், அது தணிந்தபின் புல் மீண்டிருத்தல் வேண்டும். ஐரோப்பாவின் வேறு பல கரைகளில் அது பெருமளவு மீண்டது. அமெரிக்காவின் வேர்ஜீனியாக் கரையோரக் குடாக்களில் நோயும் 1933 ஆம் ஆண்டின் சூறாவளியும் புல்லை முற்றாக அழித்தன. ஆயினும் அங்கு நீர் தெளிவாக இருந்தது, வித்துகளே எட்டவில்லை. 1999 இற்குப் பின் ஏழு கோடிக்கு மேற்பட்ட விதைகள் தூவப்பட, 3,600 ஹெக்டேயர் பரப்பு மீண்டும் பசுமையுற்றது. வாடன் கடலின் ஆழப்புல்வெளியோ இன்றுவரை மீளவில்லை. கரைமேட்டில் எஞ்சிய புல்லும் பிற்காலத்தில் உரக்கழிவாலும் கலங்கலாலும் நலிவுற்றது.

இவ்வொப்பீடு உணர்த்துவது யாது? கொன்றது நோயாயினும் மீளவிடாது தடுத்தது மாறிய கடலே. அக்கடலை மாற்றியது திட்டமிட்ட மனித உழைப்பு. அவ்வணை வெள்ளத்திலிருந்து மக்களைக் காத்தது. புதிய விளைநிலத்தையும் தந்தது. இவற்றை மறுப்பது வரலாற்று நேர்மையாகாது. ஆனால் அதன் பயனை எழுதிய ஏட்டிலேயே அதன் விலையும் எழுதப்படல் வேண்டும். ‘நோய்’ என்னும் ஒற்றைச் சொல் அவ்விலையை இயற்கையின் கணக்கிலே சேர்த்துவிடுகின்றது. அறுப்பதற்குப் புல்லின்றி நின்ற வீரிங்கன் உழைப்பாளியும் அவ்வாறே வரலாற்றிலிருந்து மறைந்துபோகின்றான்.