வரவும் பேரும்

ஓரிடத்தில் எத்தனை பேர் கூடினார்கள் என்று கேட்பது எளிது. விடை கூறுவது அத்துணை எளிதன்று. எண்ணியவர் யாரை எண்ணினார், எங்கு நின்று எண்ணினார், எதற்காக எண்ணினார் என்னும் மூன்றையும் அறியாதவரை எந்தத் தொகையும் முழு உண்மையாகாது. விளையாட்டரங்கின் வாயிலுக்குப் பொருந்தும் இவ்வுண்மை, இலங்கையின் தேயிலை மலைகளில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உழைப்பாளரின் உணவையும் உரிமையையும் தீர்மானித்து வந்திருக்கிறது.

முதலில் அரங்கின் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்க நாட்டில் கல்லூரிகளுக்கிடையே நடைபெறும் கால்பந்தாட்டம் பெருந்திரளான மக்களை ஈர்ப்பது. பெயர் கால்பந்தாயினும், பந்தைப் பெரும்பாலும் கையிலேந்தி ஓடும் ஆட்டம் அது. 2016ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் டென்னசிப் பல்கலைக்கழக அணியும் வர்ஜீனியா டெக் அணியும் பிரிஸ்டல் நகரின் கார்ப்பந்தய அரங்கிலே பொருதின. வந்தவர் தொகை 1,56,990 என அறிவிக்கப்பட்டது. கின்னஸ் சாதனைப் பதிவாளரோ 1,30,045 பேரை மட்டுமே உறுதிசெய்தனர். ஒரே நாள், ஒரே ஆட்டம். இரு தொகைகளுக்கும் இடையில் ஏறத்தாழ இருபத்தேழாயிரம் பேர் வேறுபாடு.

இதனைப் பொய்யென்று ஒதுக்கிவிட இயலாது. விற்பனையான சீட்டுகளை எண்ணினால் ஒரு தொகை. வாயிலைக் கடந்த சீட்டுகளை எண்ணினால் மற்றொரு தொகை. வாத்தியக் குழுவினர், காவலர், சிற்றுண்டி விற்போர் ஆகியோரையும் சேர்த்தால் வேறொரு தொகை. வால் ஸ்ட்ரீட் ஜேர்னல் என்னும் நாளேடு 2018இல் பல கல்லூரிகளின் கணக்குகளைத் திரட்டி ஒப்புநோக்கிற்று. வாயிலிற் பதிவான சீட்டுகள், அறிவிக்கப்பட்ட தொகையிற் சராசரியாக 71 சதவீதமளவே என்பது அதன் முடிவு. எங்கள் கல்லூரிக்கே கூட்டம் மிகுதி என்று வாதிடும் இரசிகர்கள், பல வேளைகளில் வெவ்வேறு பொருள்களை எண்ணிக்கொண்டே ஒருவரோடொருவர் வழக்காடுகின்றனர். ஆயினும் அவ்வழக்கிலே தோற்றவருக்கு உண்டாகும் இழப்புப் பெருமை ஒன்றே. தோட்டத்து வரவுக் கணக்கிலே தோற்றவர் இழப்பது அடுப்பில் ஏறவேண்டிய அரிசியை.

நாவலப்பிட்டியிலிருந்து மலையேறும் புகைவண்டி வட்டவளையைக் கடந்து ஹற்றனை அடையுமுன் றொசல்ல என்னும் சிறு நிலையத்தைக் காணும். இப்பாதை 1884ஆம் ஆண்டில் ஹற்றனை எட்டிற்று. பாதையின் இருமருங்கும் உள்ள தோட்டங்களிலே தமிழகத்திலிருந்து வந்த மக்கள் தேயிலையை வளர்த்தனர். அவர்கள் கடல் கடந்தபோதே எண்ணிக்கையும் உடன் வந்தது. 1901ஆம் ஆண்டளவில் ஏற்பட்ட தகரச் சீட்டு முறையின்படி, புறப்படும் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு தகர வில்லை அளிக்கப்பட்டது. சேரவேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் எண்ணும், ஆளைக் குறிக்கும் எண்ணும் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. அரங்கிற்குச் செல்பவன் சீட்டை விலைகொடுத்து வாங்குகிறான். இவர்களோ வழிச்செலவின் கடனையும் அச்சீட்டோடு சேர்த்தே சுமந்தனர்.

தோட்டத்தை அடைந்தபின் எண்ணுவோர் மாறினர். பெரிய கங்காணிக்கு அவர் அழைத்துவந்த கூட்டத்திலிருந்து வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் நாளொன்றுக்குச் சில சதங்கள் கிடைத்தன. எனவே வரவு கூடக்கூட அவர் வருவாயும் கூடியது. காய்ச்சலில் படுத்தவரையும் லயத்திலிருந்து எழுப்பி வேலைக்கு அனுப்பும் தூண்டுதல் இம்முறையிலேயே பொதிந்திருந்தது. எண்ணிக்கையால் ஊதியம் பெறுபவரே எண்ணிக்கையைப் பெருக்கும் பொறுப்பையும் ஏற்றிருந்தார்.

நாள்தோறும் இக்கணக்குத் தொடங்கும் இடம் பெரட்டுக் களம். விடியற்காலையில் தப்பின் ஒலி கேட்டதும் ஆண்களும் பெண்களும் அங்குக் கூடுவர். கைக்குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டு ஓடிவரும் தாய்மாரும் அவர்களுள் உளர். கணக்கப்பிள்ளையும் கங்காணியும் ஆட்களைப் பிரித்து மலைமலையாக அனுப்புவர். செக்ரோல் என்னும் பேரேட்டிலே வரவு பதியப்படும். வேலைநாள் ஒன்றிற்குத் தோட்டத் தமிழ் இட்ட பெயர் 'பேர்' என்பதாகும். 'இந்த மாதம் எத்தனை பேர்?' என்று அங்கு ஒருவரைக் கேட்டால், அவருக்குக் கணக்கில் விழுந்த வேலைநாள்கள் எத்தனை என்பதே பொருள். மனிதனின் பெயரே அவன் நாட்கூலியின் அளவாக மாறிய விந்தையை இச்சொல் காட்டுகின்றது.

பெரட்டில் நின்றதனாலேயே முழுப்பேர் கிடைத்துவிடாது. கொழுந்து பறிப்பவர் அன்றைக்குக் குறித்த நிறையைக் கொண்டுவர வேண்டும். அந்நிறை தோட்டத்துக்குத் தோட்டம், பருவத்துக்குப் பருவம் வேறுபடும். குறைந்தால் விழுவது அரைப்பேர். ஒரு மனிதர் அரையாளாக வேலைக்கு வருவதில்லை. ஆயினும் ஏட்டில் அவர் அரையாளாகலாம். இதனாற் கொழுந்து மடுவத்துத் தராசு, வரவுக் கணக்கின் இரண்டாவது வாயிலாயிற்று. சாக்கின் எடைக்கென்றும் இலையின் ஈரத்துக்கென்றும் கழிக்கப்படும் நிறை நீண்டகாலப் பிணக்குக்குரியதாக இருந்து வந்துள்ளது. விடியலில் முழுவதாய் நுழைந்தவர் மாலையில் பாதியாய் வெளியேறக்கூடிய வாயில் அது.

ஒரே பேருக்கு ஒரே விலை இருந்ததும் இல்லை. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலி வகுக்க வழிசெய்தது. அதன்படி வகுக்கப்பட்ட முதற் கூலிகளில், மலைநாட்டு ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் குறிக்கப்பட்டன. கொழுந்து பறிக்கும் கைகளிற் பெரும்பாலானவை பெண்களின் கைகளே. அவர்களுடைய வரவு பேரேட்டில் முழுமையாகவும் பணப்பையில் குறைவாகவும் இருந்தது. ஆண் பெண் இருபாலார்க்கும் சமகூலி 1984இலேயே கிட்டியது.

களத்து வரவைக் கடந்து, நாட்டில் இருந்த வரவையும் எண்பிக்க வேண்டிய காலம் ஒன்று வந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் இம்மக்களிற் பெரும்பாலோர் குடியுரிமையை இழந்தனர். அடுத்த ஆண்டில் இயற்றப்பட்ட இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், தொடர்ந்து வாழ்ந்ததைச் சான்றுடன் நிறுவுவோருக்கு ஒரு வாயிலைத் திறந்தது. 1946 சனவரி 1ஆம் நாளுக்கு முன், மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இடைவிடாது இந்நாட்டில் வாழ்ந்திருத்தல் வேண்டும். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் இவ்வாயிலை அணுகினர். குடியுரிமை பெற்றோர் சுமார் 1,34,000 பேரே. அவர்கள் பறித்த தேயிலையின் இறாத்தல் கணக்குத் தவறாது பதிவாகியிருக்க, அவர்கள் வாழ்ந்த ஆண்டுகளின் கணக்கு ஐயத்திற்குரியதாயிற்று.

பிற்காலத்தில் வரவு என்னும் சொல் கூலி ஒப்பந்தத்தின் உள்ளேயே இடம்பெற்றது. தோட்டங்கள் 1992இல் தனியார் கம்பெனிகளின் நிருவாகத்திற்குச் சென்றபின், முதலாளிமார் சம்மேளனமும் தொழிற்சங்கங்களும் கூட்டு ஒப்பந்தங்கள் வாயிலாகக் கூலியை வகுத்தன. 2013ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் நாட்கூலி 620 ரூபா எனப் பேசப்பட்டது. அதனுள் அடிப்படைக் கூலி 450 ரூபா. விலைப்பங்கு 30 ரூபா. எஞ்சிய 140 ரூபா வரவுக் கொடுப்பனவு. தோட்டம் வேலை வழங்கிய நாள்களில் 75 சதவீதத்துக்குக் குறையாது வந்தவருக்கே இக்கொடுப்பனவு உரியது.

இதன் விளைவைச் சிறு கணக்கொன்றால் அறியலாம். ஒரு மாதத்தில் 24 நாள் வேலை வழங்கப்பட்டதாகக் கொள்வோம். 75 சதவீதம் என்பது 18 நாள். 18 நாள் வந்தவருக்கு நாளொன்றுக்கு 620 ரூபா. 17 நாள் வந்தவருக்கோ 480 ரூபா மட்டுமே. ஒரே ஒரு நாள் குறைந்ததனால், அந்த நாளின் கூலியோடு, வந்த 17 நாளுக்குமுரிய 2,380 ரூபாவும் கைநழுவும். இங்ஙனமாயின், வேலை வழங்கிய நாள் எது, மழையால் இடையில் நின்ற நாள் எக்கணக்கிற் சேரும், பிள்ளையின் நோய்க்காகத் தங்கிய நாளை யார் ஏற்பர் என்னும் வினாக்கள் அற்பமானவையல்ல. அறிவிக்கப்பட்ட 620 ரூபாவுக்கும் கைக்கு வந்த 480 ரூபாவுக்கும் உள்ள இடைவெளி, விற்ற சீட்டுக்கும் வாயிலைக் கடந்த சீட்டுக்கும் உள்ள இடைவெளியை ஒத்தது. நாட்டார் அறிந்தது பெரிய எண். தொழிலாளி வீட்டுக்குக் கொண்டுசென்றது சிறிய எண்.

2016ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் வரவுக் கொடுப்பனவு 60 ரூபாவாகச் சுருங்கியது. 140 ரூபா உற்பத்திக் கொடுப்பனவாக அமைந்தது. 2019இல் இரண்டும் நீக்கப்பட்டு, அடிப்படைக் கூலி 700 ரூபாவாக உயர்ந்தது. வரவுக்கென்று தனிக்காசு வைக்கும் முறை அத்துடன் மறைந்ததாகவே தோன்றிற்று. ஆனால் 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் அதனைப் புதிய உருவில் மீண்டும் கொணர்ந்தது. நாட்கூலி 1,550 ரூபா; அதற்குமேல் அரசு வழங்கும் வரவு ஊக்கத்தொகை 200 ரூபா; ஆக 1,750 ரூபா என்பது அதன் திட்டம்.

கொடுப்பவர் மாறினும் கேட்கவேண்டிய வினா மாறவில்லை. தகர வில்லை எண்ணியது கடனாளியை. கங்காணியின் கணக்கு எண்ணியது தலையை. தராசு எண்ணியது கிலோவை. சட்டம் எண்ணியது சான்றுப் பத்திரத்தை. இவற்றுள் எதுவும் விடியலில் மலையேறிய மனிதரை முழுமையாக எண்ணியதில்லை. ஆதலால் பெருந்தொகையொன்று அறிவிக்கப்படும்போது அதனைக் கேட்டு மகிழ்வதோடு அமையாது, எந்த நாள் வரவாகும், யார் அதனைக் குறிப்பார், குறித்த ஏட்டை உழைத்தவர் பார்க்கக்கூடுமா என்று உசாவுதல் கடன். வந்தவருக்கெல்லாம் முழுப்பேர் விழும் நாளில்தான் பெரட்டுக் களத்தின் கணக்கு நேர்படும்.