கச்சத்தீவுக்குப் போகும் படகுகள்



ஆற்றுப் பாசனத்தில் வாழ்கிற நமக்குக் கடல் கொஞ்சம் அந்நியம்தான். குடமுருட்டியில் தண்ணீர் வந்துவிட்டதா என்று விசாரிப்போம். கடலில் காற்று எப்படி என்று கேட்க மாட்டோம். ஆனால் இலங்கைக்குப் போகிற பாதை ஒரு காலத்தில் நம் பாபநாசத்தைத் தாண்டித்தான் சென்றது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் சென்னையிலிருந்து மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகத் தனுஷ்கோடிக்கு ஓடியது 'போட் மெயில்'. ரயிலை விட்டு இறங்கிக் கப்பலேறினால் அக்கரையில் தலைமன்னார். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. போட் மெயில் என்ற பெயர் மட்டும் பெரியவர்கள் பேச்சில் இன்னும் இருக்கிறது.

அந்தக் கப்பலை விடப் பழைய போக்குவரத்து ஒன்று அதே கடலில் உண்டு. அது மீனவர்களுடைய படகுப் போக்குவரத்து. அதற்கு நடுவில் ஒரு சிறு தீவு, தீவில் ஒரு கோயில்.

கச்சத்தீவின் பரப்பு 285 ஏக்கர். நம் பக்கத்துப் பெரிய மிராசுகளில் ஒன்றுக்கு அவ்வளவு நிலம் இருந்திருக்கும். ஒருபுறம் ராமேசுவரம், மறுபுறம் யாழ்ப்பாணத்து நெடுந்தீவு. தீவில் குடிநீர் இல்லை, குடியிருப்பவரும் இல்லை. இருகரை மீனவர்களும் வலை உலர்த்தவும் இளைப்பாறவும் அங்கே இறங்கினார்கள். நம்புதாளையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாச்சி என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே புனித அந்தோனியாருக்குக் கோயில் கட்டினார் என்று அந்தக் கரையில் சொல்வார்கள்.

ஏன் அந்தோனியார்? நாம் அவரைச் செவ்வாய்க்கிழமை நவநாளில் தேடுகிறோம், தொலைந்த பொருளுக்கு வேண்டிக்கொள்கிறோம். கடலோரத்தார் அவரை வேறுவிதமாக அறிவார்கள். லிஸ்பனில் பிறந்த அவர் மறைப்பணிக்காக மொராக்கோ சென்றார். அங்கே நோயில் விழுந்தார். ஊர் திரும்பக் கப்பலேறியபோது புயல் அந்தக் கப்பலைச் சிசிலித் தீவில் கொண்டுபோய் ஒதுக்கியது. அங்கிருந்து 1221இல் அசிசிக்குப் போனார். புயல் அடிக்காமல் இருந்திருந்தால் 'பதுவை அந்தோனியார்' என்று ஒருவர் நமக்குக் கிடைத்திருப்பாரா என்பதே சந்தேகம்.

அவருடைய திருநாள் ஜூன் 13. கச்சத்தீவிலோ திருவிழா தவக்காலத்தை ஒட்டி, பிப்ரவரி கடைசியில் அல்லது மார்ச்சில் வரும். ஜூன் மாதத் தென்மேற்குக் காற்றில் குடும்பத்தோடு படகேறுவது எளிதல்ல. வடகிழக்குப் பருவத்திலும் அப்படியே. கடல் சற்று அடங்கியிருக்கும் இடைவெளியில்தான் திருவிழா வருகிறது. தவக்காலம் என்பதால் கொடியேற்றத்தோடு சிலுவைப்பாதையும் நடக்கும். இங்கிருந்து விசைப்படகிலும் நாட்டுப்படகிலும் போவார்கள். யாழ்ப்பாணத்தார் புங்குடுதீவு வரை சாலையில் வந்து, குறிகட்டுவான் துறையில் படகு பிடித்து, தீவுகளினூடே வருவார்கள். கச்சத்தீவில் நிரந்தரத் துறைமுகம் கிடையாது. திருவிழாவுக்கென்று இலங்கைக் கடற்படை தற்காலிக இறங்குதுறை போடுகிறது. முன்பெல்லாம் திருப்பலியோடு சந்தையும் கூடும். இங்கிருந்து சேலையும் கைலியும், அங்கிருந்து தேங்காயெண்ணெயும் கிராம்பும் கைமாறும். பெண் கொடுத்த வீடும் எடுத்த வீடும் வருடத்துக்கு ஒருமுறை சந்திக்க அது ஓர் இடம்.

1974 ஜூனில் இந்திய, இலங்கை அரசுகள் செய்த ஒப்பந்தத்தில் தீவு இலங்கை எல்லைக்குள் போனது. ஆனாலும் அதன் ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவரும் திருப்பயணிகளும் முன்போலவே தீவுக்கு வரலாம், இலங்கை அவர்களிடம் விசா கேட்காது என்கிறது. இரண்டு அரசுகள் கடலில் கோடு போடும்போது ஒரு சிறு கோயிலின் திருவிழாவை மறக்காமல் எழுதிவைத்தது பெரிய காரியம் என்றே நான் நினைக்கிறேன். பிறகு போர் வந்தது. ஆண்டுக்கணக்கில் திருவிழா நின்றது. 2009இல் போர் முடிந்தபின் படகுகள் மறுபடி புறப்பட்டன. 2016 டிசம்பரில் பழைய கோயிலுக்கு அருகே புதிய கோயில் அர்ச்சிக்கப்பட்டது.

இனிச் சொல்வது நமக்குக் கசக்கும். நம் மீனவர்கள் சிறைப்படுவதும், படகுகள் பறிபோவதும், சுடப்பட்டு இறந்ததும் நாம் அறிந்த துயரம். ஆனால் போர்க்காலத்தில் தடையின்றிக் கடலுக்குப் போக முடியாதிருந்த யாழ்ப்பாண மீனவர், போர் முடிந்து வலை விரித்தபோது, நம் இழுவைமடிப் படகுகள் அந்த வலைகளை அறுத்துக்கொண்டு போயின. அவர்களும் தமிழர், அவர்களில் பலர் அதே அந்தோனியாரிடம் மன்றாடுகிற கத்தோலிக்கர். இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டப்படி தடைசெய்தது. காணிக்கையைப் பீடத்தின் முன் வைப்பதைப் பற்றி மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்னதை இந்தத் தீவை நினைத்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். மனத்தாங்கல் கொண்ட சகோதரர் அங்கே அதே பீடத்தின் முன்தான் நிற்கிறார்.

2024 பிப்ரவரியில் இலங்கை நீதிமன்றம் நம் மீனவர் சிலருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. ராமேசுவரம் மீனவர்கள் அந்த ஆண்டுத் திருவிழாவைப் புறக்கணித்தார்கள். அவர்கள் கோபத்தைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இரு கரையாரும் அதிகாரிகளின் மேசை இல்லாமல் நேரில் உட்கார்ந்து பேசக்கூடிய இரண்டு நாள் அந்த ஆண்டு வீணாயிற்று.

2025 மார்ச்சில் மறுபடி போனார்கள். நம் பங்கிலிருந்து யாராவது போக நினைத்தால் ராமேசுவரத்தில் முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும். குடிக்கத் தண்ணீர் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.